அது தூக்கமா அண்ணே?

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம், நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வர்றேன். மண்ணுக்கு அதிகமா உழைக்கிறது மரத்தை மக்க வைக்கிற காளானா, மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழுற, இப்ப அழிஞ்சுக்கிட்டு வர்ற தரை அணிலா? காளான் இல்லேன்னா செத்த மரமெல்லாம் அப்படியே குவிஞ்சு கெடக்கும், மரத்தைக் கெட்டியா வச்சிருக்குற லிக்னின்ங்கிற பொருளையே உடைக்கிற வித்தை அதுக்குத் தெரியும், ஒத்துக்கறேன். 1991ல ஆல்ப்ஸ் பனியில கெடச்சாரே 5,000 வருஷத்துக்கு முந்தின மனுஷன், அவர்கிட்டயே ரெண்டு வகை மரக்காளான் இருந்துச்சு, அதையும் ஒத்துக்கறேன்.

ஆனா எதிரணி அண்ணன் உக்காரும்போது ஒன்னு சொன்னாரு பாருங்க, "எங்க காளானுக்கு லீவே கெடையாது, உங்க அணில் வருஷத்துல பாதி தூங்குது"ன்னு, நீங்களும் கைதட்டுனீங்க. அது தூக்கமா அண்ணே?

ஐரோப்பியத் தரை அணில் கோடையிலயே தின்னு தின்னு கொழுப்பு சேத்துக்கிட்டு வளைக்குள்ள போகுது. வாசலை மண்ணால அடைச்சுடுது. உடம்பு சூடு எறங்கி எறங்கி, சுத்தியிருக்குற மண்ணு மாதிரியே சில்லுன்னு ஆயிடுது. நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல அடிச்ச இதயம் இப்ப ஒரு சில தடவைதான் அடிக்குது. கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க... ஒரு துடிப்பு... அடுத்தது வருமா... வராதா... வந்துடுச்சு! இப்படியே மாசக்கணக்குல! சேத்த கொழுப்பு பத்தலேன்னா வசந்தத்துல அது எந்திரிக்கவே எந்திரிக்காது. உயிரைப் பணயம் வச்சுப் படுக்குறதைப் போய் தூக்கம்னு சொல்லிட்டீங்களே!

சரி, பொழச்சு எந்திரிச்சு வந்தா? பயிரைத் தின்னுதுன்னு வளைக்குள்ள தண்ணி ஊத்தி வெளிய வரவச்சுக் கொன்னாங்க. காளான் தன்னோட வித்துத் தூளைக் காத்துல தூவிட்டுப் போயிடும், எங்க விழுந்துச்சுன்னு கூட பாக்காது. இங்க கண்ணு தெறக்காத, முடி மொளைக்காத குட்டிங்களை அம்மா ஒருத்தியாவே வளக்குறா. ரெண்டு கால்ல எழுந்து நின்னு பாப்பா, பருந்து வந்தா விசிலடிப்பா, எல்லாம் உள்ள ஓடிடும். அதுக்குப் புல்லு குட்டையா இருக்கணும். மாடும் ஆடும் மேய்ஞ்ச வரைக்கும் இருந்துச்சு, மேய்ச்சல் நின்ன எடத்துல புல்லு வளந்துடுச்சு, இப்ப அவ எழுந்து நின்னாலும் புல்லுதான் தெரியுது, வர்ற பருந்து தெரியல.

போலந்துல ஒன்னுகூட மிஞ்சல நடுவரே. 2005ல திரும்பக் கொண்டாந்து விட்டாங்க, எங்க தெரியுமா, ஒரு பழைய விமானத்தளத்துப் புல்வெளியில. அங்க புல்லு குட்டை. எழுந்து நின்னா வானம் தெரியும்.