கிரிக்கெட் வாரியத்தை எங்க ஊர்க் கோயில் கொடைக் கமிட்டி நடத்தினால் என்ன ஆகும்?

(முதல் காட்சி: சுடலைமாடன் கோயில் முன்னால் விரித்த ஜமுக்காளம். நடுவில் ஒரு கணக்கு நோட்டு.)

வணக்கம் மக்களே! கொடை என்றால் எங்க பக்கம் கோயில் திருவிழா. அதற்கான இந்த நாற்பது பக்க நோட்டில் இருக்கிற ஒன்று, உலகத்திலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியத்திடம் கிடையாது. அது என்னவென்று கடைசியில் சொல்வதாகத்தான் இருந்தேன். அதுவரை நீங்கள் இருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஊர்க்காரன் எவன் கேட்டாலும் காட்டியே தீரவேண்டிய கணக்கு.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். இந்தியக் கிரிக்கெட் வாரியம் தொடங்கியது 1928. ஐபிஎல் சூதாட்டப் புகார் 2013. பிறகு வாரியத்தைச் சீர்திருத்த வழி சொல்ல உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு. 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: அமைச்சர், அரசு அதிகாரி, 70 வயது தாண்டியவர் யாரும் வாரியப் பதவியில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். வாரியம் அரசுத் துறை இல்லை. அது ஒரு சங்கம். எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. நம்ம தெருவில் போர்டு மாட்டியிருக்கிற நற்பணி மன்றத்தைப் பதிவு செய்கிற அதே சட்டம்! அலுவலகம் மும்பையில், ஆதிக்கம் டெல்லியில், பதிவு மட்டும் நம்ம பக்கம்.

சரி, இதை எங்க ஊர்க் கொடைக் கமிட்டியோடு வைத்துப் பார்ப்போம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். திருப்பூரில் வேலை பார்க்கிறவனும் அனுப்பிவிடுவான். நையாண்டி மேளத்துக்கு எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, சீரியல் செட்டுக்கு எவ்வளவு என்று எல்லாம் நோட்டில் ஏறும். கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டம். கணக்கை வாசிப்பார்கள். போன வருஷம் "வாழைத்தார் ரெண்டுதானே கட்டியிருந்துச்சு, மூணுக்குப் பணம் எழுதியிருக்கேளே?" என்று ஒரு பெரியவர் எழுந்தார். முக்கால் மணி நேரம் அந்த ஒரு தாருக்காகச் சண்டை. மூன்றாவது தார் மடப்பள்ளிக்குள் பழுத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

வாரியத்திடம் அப்படி வாழைத்தார் கேட்க முடியுமா? 2018-இல் மத்தியத் தகவல் ஆணையம் வாரியமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்றது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அப்புறம் 2025-இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. அதில் தகவல் உரிமை, அரசுப் பணம் வாங்குகிற அமைப்புகளுக்குத்தான். வாரியம் அரசிடம் கைநீட்டுவதில்லை. வரி கட்டியவன் கேட்கலாம், டிக்கெட் வாங்கியவன் கேட்கக்கூடாது. இது என்ன நியாயம்? என் கருத்துதான், திட்டுகிறவர்கள் கமெண்டில் திட்டலாம்.

நம்ம மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. ரயிலில் வந்தால் நெல்லைக்கு முன்னால் வருமே தாழையூத்து, இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை அங்கேதான் எழுந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வைத்திருந்த அந்த நிறுவனத்தை நடத்திய என். சீனிவாசன் 2011-இல் வாரியத் தலைவர், 2014-இல் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி-யின் தலைவர். வாரியப் பொறுப்பில் இருப்பவர் ஐபிஎல் அணியும் வைத்திருக்க வசதியாக 2008-இல் விதியைத் திருத்தினார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. கமிட்டித் தலைவரே பந்தல் காண்டிராக்டும் எடுத்தால் எங்க ஊரில் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டுமா?

கட்சிக்காரர்கள் சட்டையைப் பிடிக்கவேண்டாம். சரத் பவார் மத்திய வேளாண் அமைச்சராக இருந்துகொண்டே வாரியத் தலைவராக இருந்தார். வாரியத் தலைவராக இருந்த பாஜக எம்.பி. அனுராக் தாக்கூரை 2017-இல் உச்ச நீதிமன்றம்தான் இறக்கியது. தீர்ப்பு அமைச்சரைத் தடுத்தது. அமைச்சர் வீட்டுப் பிள்ளையைத் தடுக்கவில்லை. உள்துறை அமைச்சரின் மகன் ஜெய் ஷா 2019-இல் வாரியச் செயலாளர், 2024 டிசம்பரில் ஐசிசி தலைவர். திறமை இருக்கலாம். என் சந்தேகமெல்லாம், அந்தத் திறமை அப்பா வாத்தியாராக இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்குமா என்பதுதான்.

அரசியல்வாதி வந்தாலே கேடு என்றும் சொல்லமாட்டேன். ஹாக்கியை ஒடிசா அரசு 2018 முதல் தாங்கியது, டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 வருஷம் கழித்துப் பதக்கம் வந்தது.

ஆனால் கபடி? ராஜஸ்தான் அரசியல்வாதி ஜனார்தன் சிங் கெலாட் 1984 முதல் 2013 வரை இந்தியக் கபடிச் சம்மேளனத் தலைவர். அடுத்து யார்? அவர் மனைவி! அந்தத் தேர்வு செல்லாது என்று 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணி ஈரானிடம் தோற்று, முதல்முறையாகத் தங்கம் இல்லாமல் திரும்பியது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மணத்தியிலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், மறுவருஷம் அர்ஜுனா விருதும் வாங்கினார். அந்த ஊர் மண்ணை மிதித்தவனுக்கு அந்தத் தோல்வி சும்மா கடந்து போகாது.

(காட்சி: கபடிப் போட்டி நோட்டீஸ், கேமரா மெதுவாகக் கீழே இறங்குகிறது.)

இது எங்க பக்கத்து ஊர்ப் போட்டி நோட்டீஸ். மேலே கட்சித் தலைவர்கள். அதற்குக் கீழே மாவட்டம், ஒன்றியம், கிளை. ஏழு மணிக்கு ஆட்டம். தொடங்கி வைக்கவேண்டியவர் வந்தது ஒன்பதே முக்கால். ரெண்டு அணியும் உடம்பைச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி நின்றார்கள். முழங்காலில் துணி கட்டியிருந்த ஒரு ரைடர் பையன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். வந்தவர் இருபது நிமிஷம் பேசினார், ஒரு ரைடு பார்த்தார், போய்விட்டார்.

உங்க ஊர் நோட்டீஸை எடுத்துப் பாருங்க. அதில் ஆடுகிறவன் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது? அந்த எண்ணை மட்டும் கமெண்டில் போடுங்க. இந்த நோட்டீஸில் பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். சவுண்ட் சர்வீஸ் பெயர் இருக்கிறது.