அதே வரி, இன்னொரு தடவை

நேயர்களுக்கு வணக்கம். எகிப்துப் பாடகி உம் குல்தூமின் கச்சேரிப் பதிவை யாரிடமாவது போட்டுக்காட்டினால், கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வரும்: "பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" நியாயமான கேள்விதான். 1964-இல் முகம்மது அப்துல் வஹாப் இசையமைத்த 'இன்த்த உம்ரி' என்ற அவர் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல நிமிடங்களுக்கு வாத்தியங்கள் மட்டுமே ஒலிக்கும். அம்மையார் கையில் கைக்குட்டையோடு மேடை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து நின்றாலே போதும், கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போகும். (அந்தப் பாட்டில் வரும் எலெக்ட்ரிக் கிட்டார் மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.)

பழைய அரபுக் கச்சேரியில் ஊத், கானூன் என்ற தந்தி வாத்தியங்கள், நாணல் குழல், வயலின், கஞ்சிரா மாதிரியான ரிக் என்று ஐந்தாறு பேர்தான். 20-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் அது வளர்ந்தது. வரிசையாக வயலின்கள் வந்தன, செல்லோ வந்தது. பார்வைக்கு ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா மாதிரி இருக்கும். ஆனால் அத்தனை பேரும் வாசிப்பது ஒரே மெட்டு. அவரவர் கைப்பழக்கத்தில் சின்னச் சின்ன நெளிவு இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஒரு சுரம் இம்மி அசைந்தாலும் காதில் விழும். 'ரஸ்த்' என்ற மகாமின் (மகாம் என்றால் நம் ராகம் மாதிரி) மூன்றாவது சுரத்தை ஆர்மோனியத்தில் தேடினால் கிடைக்காது. அது வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் இருக்கிறது. சந்தோஷமா துக்கமா என்று பிடிபடாத அந்த ஓசையை இருபது வில்கள் சேர்ந்து இழுக்கும்போது நெஞ்சை என்னவோ செய்கிறது.

அப்புறம் குரல் வருகிறது. நம் வித்வான்கள் நிரவலில் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள் இல்லையா, அது போலத்தான். 1966-இல் ரியாத் சுன்பாத்தி இசையமைத்த 'அல் அத்லால்', இப்ராகிம் நாஜி என்ற டாக்டர் எழுதிய காதல் கவிதை. அதில் ஒரு வரி: "என் விடுதலையைக் கொடு, என் கைகளை அவிழ்த்துவிடு." முதல் தடவை கெஞ்சலாக வரும். கூட்டம் "அல்லாஹ்!" என்று கத்தும், இன்னொரு தடவை பாடச்சொல்லிக் கேட்கும். வாத்தியங்கள் பின்வாங்கிக் காத்திருக்கும். அடுத்த தடவை அதே வரியில் கோபம் ஏறியிருக்கும். இத்தனையிலும் ஓர் எழுத்துகூட மழுங்காது. அப்பா பள்ளிவாசல் இமாம், சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதப் பழகிய நாக்கு அது.

ஆக, பாட்டு எவ்வளவு நீளும் என்பதில் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. ஒரு பாட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு கெய்ரோ வானொலி அவர் கச்சேரியை நேரடியாக ஒலிபரப்பியபோது, அரபு நாடுகள் முழுக்க ரேடியோவைச் சுற்றிக் கூட்டம்.

1967 ஜூன் போரில் எகிப்து இஸ்ரேலிடம் தோற்றது. அதே நவம்பரில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் அவர் பாடினார், வசூலை நாட்டுக்கே கொடுத்தார். அங்கேயும் 'அல் அத்லால்' பாடினார். போருக்குப் பிறகு "என் விடுதலையைக் கொடு" என்ற அந்த வரியைக் காதலி காதலனிடம் கேட்பதாக மட்டும் யார் எடுத்துக்கொள்வார்கள்?

கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டூடியோவில் வெட்டிச் சுருக்கிய பதிவு வேண்டாம். கூட்டத்தின் கூச்சலோடு இருக்கிற மேடைப் பதிவையே தேடுங்கள். மொழி புரியாவிட்டால் பரவாயில்லை, ஒரு வரி எத்தனை தடவை திரும்பி வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். வணக்கம்.