பதறாத காரியம் சிதறாது: காரும் காற்றும்

விழாத் தலைவர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, எனக்கு இந்த மேடையைத் தந்த சங்கச் செயலாளர் அவர்களே, திரளாக வந்திருக்கும் மாணவ நண்பர்களே, வணக்கம். எத்தனையோ பணிகளுக்கு நடுவே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களுக்குத் தனியாக என் நன்றி.

ஓடும் காரைக் காற்று எப்படித் தடுக்கிறது என்பதை, காரின் வடிவம், அடிப்பாகம், விளம்பரத்தில் போடும் எண் என்று மூன்றாகப் பேசப் போகிறேன்.

முதலில் வடிவம். காற்றைக் கிழிக்க மூக்கு கூராக இருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மூக்கு உருண்டையாக இருந்தாலே போதும். பாடாய்ப் படுத்துவது வால்தான். உடல் மெல்ல மெல்லக் குறுகினால் காற்று அதை ஒட்டியே வந்து சேரும். சட்டென்று குறுகினால் காற்று பிடியை விட்டுச் சுழலாகிவிடும். அங்கே அழுத்தம் குறைந்து, வண்டி பின்னுக்கு இழுபடும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது காற்றுக்கும் பொருந்தும்.

இதை முன்பே புரிந்துகொண்டவர் எட்முண்ட் ரும்ப்ளர். விமானம் கட்டியவர். 1921-இல் பெர்லின் கண்காட்சியில் ஒரு காரை நிறுத்தினார். மேலிருந்து பார்த்தால் அப்படியே ஒரு நீர்த்துளி! வளைந்த கண்ணாடி, பின்பக்கம் எஞ்சின். கூட்டம் வியந்து பார்த்தது, வாங்கத்தான் ஆளில்லை. நூறு வண்டிகள் அளவில் தயாரிப்பு நின்றது. சில டாக்சியாக ஓடின. சிலவற்றை ஒரு திரைப்படத்துக்காகக் கொளுத்தியே விட்டார்கள். மிஞ்சியவற்றில் ஒன்று அருங்காட்சியகத்தில் இருந்தது. 1979-இல் அதைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது வண்டியை நிறுத்தி அதன்மேல் காற்றை வீசிச் சோதிக்கும் கூடத்தில், ஏற்றி அளந்தார்கள். வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்ணுக்கு இழுவைக் கெழு என்று பெயர்; குறைய குறைய நல்லது. அது எவ்வளவு தெரியுமா? 0.28! அன்று சாலையில் ஓடிய புத்தம் புதிய கார்களில் பெரும்பாலானவை 0.4-ஐ ஒட்டி இருந்தன. ஐம்பத்தெட்டு வருடப் பழைய கார் அவற்றை முந்தி நின்றது. சக்கரங்கள் திறந்தே கிடந்தும் இந்த அளவு!

சரி, முழுத் துளியையே காராக்கிவிடலாமே? வெட்டவெளியில் அதன் கெழு சுமார் 0.04தான். தரைக்கு அருகே கொண்டுவந்தால் அடியில் ஓடும் காற்று நெருக்கப்பட்டு, துளியின் மேலும் கீழும் காற்று ஒரேபோல் ஓடும் சமநிலை கெட்டுவிடுகிறது. செப்பலின் ஆகாயக் கப்பல்களில் பணியாற்றிய பால் யாராய் துளியைப் பாதியாக வெட்டித் தரைமேல் வைத்தார். வால் நீண்டுபோனது. வூனிபால்ட் காம் என்ற பொறியாளர் அந்த வாலையும் தகுந்த இடத்தில் நறுக்கினால் பெரிய நஷ்டமில்லை என்று காட்டினார். தகுந்த இடம் வரை குறுகல் மென்மையாக இருக்க வேண்டும். அங்கேயும் அதேதான்: பதறாத காரியம் சிதறாது.

அடுத்து அடிப்பாகம். அதைத் தட்டையாக மூடினால் நல்ல பலன் உண்டு. ஆனால் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. விளம்பரங்களில் கெழுவை மட்டும் பெரிதாகப் போடுகிறார்கள். காற்றோடு மோதுவது கெழுவும் முன்பக்கப் பரப்பும் சேர்ந்துதான். கெழு 0.25, பரப்பு 2.8 சதுர மீட்டர் என்றால் பெருக்கல் 0.70. கெழு 0.30, பரப்பு 2.0 என்றால் 0.60. விளம்பரத்தில் தோற்ற கார்தான் சாலையில் ஜெயிக்கிறது! வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்கு. அதைத் தாங்கும் எரிபொருளுக்குப் பணம் கொடுப்பவர் வாங்குபவர்தானே?

அந்தப் பெருக்கல் எண்ணை ஒவ்வொரு காரின் விற்பனைத் தாளிலும் அச்சிட வேண்டும் என்று சட்டம் கேட்கிறோம். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. துணைவேந்தர் அவர்கள் முதல் கையெழுத்தை இட்டுத் தொடங்கிவைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.