துணிக்கடைக்காரன் பார்த்த படங்கள்

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, மழையையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் இங்கே ஒருவர் உலக சினிமா பற்றிப் பேசினார். அதில் பாதிப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. இந்த மாதம் நீங்கள் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, "நான் டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிறவன், அவ்வளவுதான் சார்" என்றேன். "அதைத்தான் பேசணும்" என்றார். சரி, வந்துவிட்டேன்.

நான் 1986இல் தொடங்கி 22 வருஷம் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் நின்றவன். வேலை பார்த்தவன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். நின்றவன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. அதனால் எனக்கு வாய்த்ததெல்லாம் இரண்டாம் ஆட்டம்தான். தீபாவளிப் படம் எதையும் முதல் நாள் பார்த்ததே இல்லை. பண்டிகைக்கு முந்தைய ராத்திரி கடை மூடவே ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் கண் விழிப்பேன். 1987 தீபாவளிக்கு நாயகனும் மனிதனும் ஒரே நாளில் வந்தன. நான் நாயகனுக்குப் போனது மூன்றாவது வாரம். அதற்குள் கடையில் மூன்று பேர் முடிவைச் சொல்லிவிட்டார்கள். 1991இல் தளபதியும் குணாவும். தளபதி பார்த்துவிட்டு, குணாவுக்குக் காசு ஒதுக்குவதற்குள் எங்கள் ஊரில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் டிவியில்தான் பார்த்தேன். 2024இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்து, குணா பாட்டுக்குப் பிள்ளைகள் தியேட்டரில் எழுந்து நின்று கத்தினார்களே, அன்றைக்குத்தான் எனக்குக் குணா ரிலீஸ் ஆனது.

இந்த வேலையினால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. திரையில் ஒரு ஆள் வந்தால் முதலில் அவர் கையைப் பார்ப்பேன். அவர் செய்கிற வேலை அந்தக் கைக்குப் பழக்கமானதுதானா? கை பொய் சொன்னால், வசனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்குள் இறங்காது. சினிமாவில் துணிக்கடைக் காட்சி வரும். கடைக்காரர் ஒரு சேலையை எடுத்துப் போடுவார், கதாநாயகி தோளில் வைத்துப் பார்ப்பார், உடனே பில். ஒரே ஒரு சேலை! அப்படி ஒரு தெய்வத்தை 22 வருஷத்தில் நான் பார்த்ததில்லை. நாற்பது சேலை உதறிப் போட்ட பிறகு, "முதல்ல ஒண்ணு காட்டினீங்களே, அதை எடுங்க" என்பார்கள். அது எந்த அடுக்கின் அடியில் கிடக்கிறதோ!

கைக்காகவே நான் மன்னித்த படம் தில்லானா மோகனாம்பாள். 1968இல் வந்தது. நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமனும் பொன்னுசாமியும். ஆனால் சிவாஜியின் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மூச்சு அவருடையது இல்லை என்று நம்ப முடிகிறதா? மன்னித்தேன் என்றேனே, எதற்கு? அந்த சண்முகசுந்தரத்தின் வீம்புக்கு. மோகனா எவ்வளவுதான் பொறுப்பாள்? இதை வீட்டில் சொன்னால், "யாரு சொல்றது பாரு" என்று பதில் வருகிறது.

முள்ளும் மலரும் படத்தை எல்லோரும் அண்ணன் தங்கை கதை என்பார்கள். ஷோபாவைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும். எனக்கு அது விஞ்ச், அதாவது மலைச்சரிவில் கம்பிவடத்தில் ஏறி இறங்குகிற வண்டி, ஓட்டுகிற ஒருவனின் கதை. காளிக்கு அந்த விஞ்ச் மேல் இருக்கிற உரிமையைப் பாருங்கள். புதிதாக ஒரு இன்ஜினியர் வந்து, சட்டப்படி நட என்கிறார். அந்த இன்ஜினியர் கெட்டவரும் இல்லை. மேலதிகாரியை வில்லனாக்காமலே ஒரு தொழிலாளியின் கோபத்தை மகேந்திரன் காட்டிவிட்டார். அப்படிப்பட்ட ஒருவனுக்குக் கை போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று கையால் பிழைக்கிறவனுக்குத்தான் தெரியும்.

காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் கதை சொல்கிற காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். வாயைத் திறக்காமல், கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் பயப்படுகிறார். எதிரே இருப்பவரின் முகத்தைப் படிப்பதுதான் எங்கள் தொழில். அந்த முகத்துக்கு நான் எந்தச் சேலையையும் விற்றிருப்பேன்.

இனி அங்காடித் தெரு. துணிக்கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளின் கதை. 2010இல் வந்தது, நான் கடையை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூட வேலை பார்த்த நண்பரைக் கூப்பிட்டேன். "காசு குடுத்து மறுபடி கடைக்குள்ள போகச் சொல்றியா?" என்று வர மறுத்துவிட்டார். தனியாகப் போனேன். ரங்கநாதன் தெருவையும், பையன்கள் வரிசையாகப் படுத்துத் தூங்குகிற இடத்தையும், சாப்பாட்டுக்கு முண்டியடிப்பதையும் பார்த்தபோது என் கெண்டைக்கால் நிஜமாகவே வலித்தது. சிரிக்காதீர்கள். நான் இருந்த கடையில் அலமாரியில் முதுகைச் சாய்த்தாலே அபராதம். எங்கள் பிரிவில் ஒரு ஸ்டூல் இருந்தது, அது வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைக்கு.

இருந்தாலும் படத்தில் எனக்கு இரண்டு மனக்குறை. ஒன்று, அந்த சூப்பர்வைசர் கருங்காலி. அடிக்கிற ஆள் இருப்பார், மறுக்கவில்லை. எங்கள் சூப்பர்வைசரும் பத்து வருஷம் எங்களோடு நின்று, அதே மெஸ்ஸில் சாப்பிட்டு மேலே போனவர்தான். அந்தப் பத்து வருஷத்தைப் படத்தில் காணோம். இரண்டாவது, கடைசியில் வருகிற விபத்து. வசந்தபாலன் என்னை மன்னிக்கட்டும், அது தேவையில்லை. தினமும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதே போதுமான விபத்து. கேரளத்தில் 2018இலும் நம் சட்டமன்றத்தில் 2021இலும், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். உட்காருவதற்கு ஒரு சட்டம்! இப்போதெல்லாம் துணிக்கடைக்குப் போனால் நான் முதலில் கவுண்டருக்குப் பின்னால்தான் எட்டிப் பார்க்கிறேன். சில கடையில் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் துணி அடுக்கியிருக்கிறார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு படம், முடித்துவிடுகிறேன்.

காஞ்சிவரம். பிரியதர்ஷன் எடுத்தது. 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம். பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர். பெண் பிறந்ததும், உன்னைப் பட்டு கட்டித்தான் அனுப்புவேன் என்று வாக்குக் கொடுக்கிற நெசவாளி. முதலாளி கொடுக்கிற கூலியில் அது நடக்கிற காரியமா? வேலை முடிந்து போகும்போது ஒரு இழைப் பட்டுநூலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு போகிறான். தினமும் ஒரு வாய் நூல். வாசலில் சோதனை போடுகிறார்கள், அவன் வாயைத் திறக்க முடியாது.

காஞ்சிபுரம் சேலையில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், நெய்யும்போதே இரண்டையும் கோத்துச் சேர்ப்பது. அதற்கு ஊடு நூலைச் சுமந்து குறுக்கே போகிற நாடா மூன்று ஓட வேண்டும், பக்கத்தில் கைமாற்ற ஒரு ஆள் வேண்டும். அசல் ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும். ஆயிரம் தடவை சுரண்டிக் காட்டி விற்றிருக்கிறேன். வாயில் நூல் அடக்கிய அந்த ஆளை அப்போது ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

அந்தப் படம் ஒருநாள் டிவியில் போட்டார்கள். நானும் மனைவியும் பார்த்தோம். பாதி நெய்த துணியை இறந்த மகளின் முகத்துக்கு இழுத்தால் காலுக்குப் போதாமல் போகிற அந்தக் கடைசிக் காட்சியில் அவள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். பீரோவைத் திறந்து கல்யாணச் சேலையோடு வந்தாள். நான் வேலை பார்த்த கடையிலேயே, தவணையில் எடுத்தது.

"ஏங்க, இது அசல்தானே?"

"அசல்தான்."

"சுரண்டிக் காட்டுங்க."

நான் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தேன்.