ஏழு குடம் தண்ணீரோடு போர்ச்சுகல்

நேயர்களுக்கு வணக்கம்.

போர்ச்சுகல் நாட்டை மோட்டார்ஹோமில் சுற்றிப் பார்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அங்கே அதற்கு ஆட்டோகரவானா என்று பெயர். இந்தப் பேச்சை எடுத்தாலே, எந்த வழியாகப் போகலாம், எந்தக் கடற்கரை நன்றாக இருக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. இன்றைக்கு ராத்திரி எங்கே தங்குவது, நாளைக்கு எந்தப் பக்கம் திரும்புவது எல்லாவற்றையும் அந்தத் தண்ணீர்தான் முடிவு செய்யும். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன்.

வழியை முதலில் முடித்துவிடுகிறேன். என்-2 என்று ஒரு சாலை. 1945இல் வகுத்த வழி. வடக்கே ஷாவெஷ் நகரத்தில் தொடங்கி, டூரோ ஆற்றின் திராட்சைச் சரிவுகளைக் கடந்து, விசெயு, அப்ராந்தெஸ், பிறகு அலென்தெஜு சமவெளி, கடைசியில் ஒரு மலைத்தொடர் ஏறி இறங்கித் தெற்கே கடலோரத்து ஃபாரோவில் முடிகிறது. 739 கிலோமீட்டர். இரண்டு நாளில் ஓட்டிவிடலாம்தான். பத்து நாளாவது கொடுங்கள்.

ஷாவெஷ் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ரோமானியர் காலத்தில் அந்த ஊருக்கு அக்வே ஃப்ளாவியே என்று பெயர். அது தேய்ந்து ஷாவெஷ் ஆனது. ஆனால் இன்றைய போர்ச்சுகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாவிகள் என்று பொருள். நம்முடைய சாவி அங்கிருந்து வந்ததுதான். ஜன்னல், மேசை, அலமாரி இவையும் அப்படியே. மோட்டார்ஹோமில் சாவி போட்டு ஏறி, ஜன்னலைத் திறந்து, மேசையை விரித்து, அலமாரிக் கொக்கியை மாட்டும்போது நாம் சொல்கிற நான்கு சொல்லும் அந்த ஊர்க்காரர்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நடுத்தரமான வண்டியில் நல்ல தண்ணீர்த் தொட்டி ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். நம் பிளாஸ்டிக் குடத்தில் ஏழு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பேர் குடும்பம் நடத்த வேண்டும். நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசினால் ஒரு குளியலுக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர். குழாயைத் திறந்தே விட்டால் இருபத்தைந்தைத் தாண்டிவிடும். பாத்திரத்துக்கு எட்டு, சமையலுக்கும் குடிக்கவும் ஆறு, கழிவறைக்கு ஐந்து. கூட்டிப் பாருங்கள், நாளொன்றுக்கு முப்பத்தைந்திலிருந்து நாற்பது லிட்டர். இரண்டரை நாளில் தொட்டி காலி. இன்னொன்று: 100 லிட்டர் என்றால் 100 கிலோ. சாதாரண கார் உரிமத்தில் ஓட்டும் வண்டிக்கு மொத்த எடை வரம்பு பொதுவாக 3,500 கிலோ. ஆகவே மலை ஏறுவதற்கு முன்பு தொட்டியை நிரப்பாதீர்கள். இறங்கிய பிறகு, தங்கப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் நிரப்புங்கள்.

நிரப்புவதற்கென்றே ஊருக்கு ஊர் சேவை இடங்கள் இருக்கின்றன. பல இடங்களை நகராட்சியே நடத்துகிறது. சில இலவசம், சிலவற்றில் சில யூரோக்கள் போட வேண்டும். சிமெண்டுத் தளம், நடுவில் சல்லடை போட்ட வடிகால், ஓரத்தில் குழாய்கள். குழாய்க்கு மேலே எழுதியிருப்பதைக் கட்டாயம் படியுங்கள். ‘பொத்தாவெல்’ என்றால் குடிக்கலாம். அதற்கு முன்னால் ‘நௌ’ என்று ஒரு சின்னச் சொல் இருந்தால் குடிக்கக் கூடாது, அது கழிவறையின் கழிவு சேரும் பெட்டியைக் கழுவுவதற்கான குழாய். அந்தச் சின்னச் சொல்லைக் கவனிக்காமல் தொட்டியை நிரப்பிவிட்டால், முழுவதையும் கொட்டி, மருந்து போட்டுக் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும்.

அங்கே வேலை செய்கிற வரிசை முக்கியம். முதலில் நல்ல தண்ணீர். பிறகு, குளித்ததும் பாத்திரம் கழுவியதுமாகச் சேர்ந்த அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவது. கடைசியில்தான் கழிவறைப் பெட்டி. கை சுத்தமாக இருக்கும்போதே குடிநீரை முடித்துவிட வேண்டும், காரணம் அவ்வளவுதான். குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு உங்கள் சொந்த ஹோஸை மாட்டுங்கள். மரை எல்லா ஊரிலும் ஒரே அளவாக இருக்காது. அரை அங்குலம், முக்கால், ஒன்று என்று மூன்று இணைப்பு, மரையே இல்லாத குழாய்க்கு ரப்பர் வாயோடு ஒன்று, ஆக நான்கு வேண்டும். சில இடங்களில் அழுத்தினால் மட்டும் ஓடுகிற குழாய் இருக்கும். அதில் ஹோஸ் பயன்படாது. அதற்கு நீண்ட மூக்குள்ள, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பத்து லிட்டர் பூவாளி ஒன்று வைத்திருங்கள். ஹோஸைச் சுருட்டும்போது தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு இரண்டு முனையையும் ஒன்றோடொன்று மாட்டிவிடுங்கள். அந்த வெயிலில் உள்ளே கொஞ்சம் தேங்கினால்கூடப் பாசி பிடித்துவிடும்.

இனி கழிவறைப் பெட்டி. பேசக் கூச்சப்படுகிறார்கள், அதனால்தான் தவறாகச் செய்கிறார்கள். பதினேழு, பதினெட்டு லிட்டர் கொள்ளும். கேசட் என்று சொல்வோம். வெளியே இழுப்பதற்கு முன்பு, உள்ளே இருக்கிற மூடித் தகடு முழுக்க மூடியிருக்கிறதா பாருங்கள். பாதி திறந்திருக்கும்போது இழுத்தால் தகடு வளைந்துவிடும். வெயிலில் நின்ற பெட்டிக்குள் காற்று அடைபட்டு அழுத்தம் ஏறியிருக்கும், எனவே ஊற்றுக்குழல் மூடியை மேல்நோக்கிப் பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு, மெதுவாகத் திறங்கள். கவிழ்க்கும்போது கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ள காற்றுப் பொத்தானை அழுத்தியே இருங்கள். அழுத்தாவிட்டால் குடக்கு குடக்கு என்று தெறிக்கும். காலியானதும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள், இரண்டு தடவை. பிறகு கழிவறை மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து மாட்டிவிடலாம். தகட்டின் ரப்பர் இறுகினால் சிலிகான் எண்ணெய் மட்டுமே. வாஸ்லினோ சமையல் எண்ணெயோ தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும், அப்புறம் கசியும்.

அழுக்குத் தண்ணீரைச் சாலையோரம் திறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லவே வருத்தமாக இருக்கிறது. ஒரு சிற்றூர் தன் மைதானத்தை நம்பித் திறந்துவைக்கிறது. அங்கே பாத்திரம் கழுவிய தண்ணீர் நாறினால் அடுத்த வருஷம் தடைப் பலகைதான் நிற்கும்.

சட்டமும் அப்படித்தான் இறுகியது. 2021 ஜனவரியிலிருந்து, அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் வண்டிக்குள் இரவு தங்கக் கூடாது என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தளர்த்தினார்கள். இப்போதைய நிலை இது: இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை ஆள் உள்ளே இருந்தால் அது இரவுத் தங்கல். உள்ளூர் நகராட்சி வேறு விதி வைக்காத இடத்தில், ஒரு நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம் வரை தங்கலாம். மோட்டார்ஹோமுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இந்த வரம்பு இல்லை. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் கடலோர மேலாண்மைத் திட்டத்துக்குள் வரும் பகுதிகளிலும் இந்தச் சலுகை கிடையாது, அபராதமும் அங்கே இரட்டிப்பு. சினெஷ் நகருக்குத் தெற்கிலிருந்து சாக்ரெஷ் முனையைச் சுற்றி வருகிற அந்த அழகான மேற்குக் கடற்கரை முழுக்க இயற்கைப் பூங்கா. பகலில் பாருங்கள், இரவுக்கு உள்ளே தள்ளி, முகாம் மைதானத்துக்குப் போய்விடுங்கள். இன்னொன்று, வண்டியின் சுற்றளவைத் தாண்டி எதுவும் நீட்டக் கூடாது. துணிப்பந்தல் விரித்து நாற்காலி போட்டால், அது வண்டி நிறுத்துவது என்ற கணக்கில் வராது. வேறு குற்றம்.

கவனித்தீர்களா, 48 மணி நேரம். தண்ணீர் இரண்டரை நாள், கேசட் இரண்டு மூன்று நாள், சட்டம் இரண்டு நாள். இரண்டு நாளுக்கு ஒரு சேவை இடம் என்று வைத்துப் பயணத்தைக் கோத்தால் மூன்றும் சேர்ந்தே தீர்ந்துவிடும்.

நிறுத்தும்போது வெயிலையும் பாருங்கள். கேஸில் ஓடுகிற குளிர்ப்பெட்டிக்கு வெளிச் சுவரில் காற்றுச் சல்லடை இருக்கும். அந்தப் பக்கம் மேற்கைப் பார்த்திருந்தால், அலென்தெஜுவின் நாற்பது டிகிரி மாலையில் பால் திரிந்துவிடும். அந்தப் பக்கத்தை வடக்கே திருப்புங்கள். வண்டி சாய்ந்து நின்றாலும் அது குளிராது. சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைத்துச் சமன் செய்யுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். மலை வளைவுகளைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், ஒன்று மட்டும்: என்-2இன் தென்பகுதியில் அல்மொதோவரிலிருந்து சௌ பிராஸ் வரை வளைவுக்குப் பின் வளைவாகவே வரும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே போகாமல், இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். எரிபொருள்: ‘காசோலியு’தான் டீசல், ‘காசோலினா’ பெட்ரோல். பெயர் குழப்பினால் பம்பில் இருக்கும் அடையாளத்தைப் பாருங்கள், டீசலுக்குச் சதுரம், பெட்ரோலுக்கு வட்டம். சுங்கம்: தெற்குக் கடலோர நெடுஞ்சாலை ஏ-22இல் 2025 ஜனவரி 1 முதல் கட்டணம் கிடையாது.

கடைசியாகக் காட்டுத் தீ. 2017 ஜூனில் பெட்ரோகௌ கிராந்தெ பகுதியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் சாலையிலேயே. என்-2 அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கோடையில் வெளியே அடுப்பு மூட்டாதீர்கள், போகவும் வரவும் ஒரே வழி உள்ள காட்டுப் பாதைக்குள் இரவு நிறுத்தாதீர்கள், வண்டியின் முகப்பு வெளியேறும் பக்கம் பார்த்திருக்கட்டும். புகை தெரிந்தால் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். என்-2இல் கிலோமீட்டர் கற்கள் உண்டு. இறங்கி நடந்ததும், வண்டியை நிறுத்தியதும், பக்கத்துக் கல்லின் எண்ணைப் பார்த்து வையுங்கள். ஊர்ப் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் அந்த எண்ணைச் சொன்னால் வந்துவிடுவார்கள். வணக்கம்.