ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது: லேப்ராஸ்கோப்பியின்போது இதயத்தில் நடப்பது என்ன?

[திரையில்: அறுவை அரங்கின் மானிட்டர்]

வணக்கம். பித்தப்பையை அகற்றுவதற்காக ஒருவரின் வயிற்றில் சிறு துளைகள் இடப்பட்டுள்ளன. மானிட்டரில் ரத்த அழுத்தம் சற்று ஏறியிருக்கிறது. இதயம் வலுவாக இயங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே நிமிடத்தில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு குறைந்திருக்கக்கூடும்.

பின்னணி இவ்வளவுதான்: சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் அறுவைதான் லேப்ராஸ்கோப்பி. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூகே என்ற மருத்துவர் இம்முறையில் பித்தப்பையை அகற்றினார், நம் கோவையில் மருத்துவர் சி. பழனிவேலு போன்றோரால் இது வேரூன்றியது. கருவிகள் இயங்க இடம் வேண்டுமென்பதால் கரியமில வாயுவைச் செலுத்தி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வயிற்றை உப்ப வைக்கிறார்கள்.

[திரையில்: தோட்டத்துக் கிணறு, மோட்டார்]

இனி நம் தோட்டத்துக்கு வாருங்கள். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது டெலிவரி குழாயின் கேட் வால்வைப் பாதி மூடினால், பிரஷர் கேஜின் முள் மேலே ஏறும், வாய்க்காலில் விழும் தண்ணீரோ குறையும். முள்ளை மட்டும் பார்ப்பவர் மோட்டார் நன்றாக இறைக்கிறது என்பார். உண்மை மடையில் நிற்பவருக்குத்தான் தெரியும். வாயு நிரம்பிய வயிற்றிலும் இதுவே நிகழ்கிறது: தமனிகளின் எதிர்ப்பு கூடுவதால் அழுத்தம் ஏறுகிறது, ஓட்டம் தளர்கிறது. உறிஞ்சும் பக்கத்திலும் சிக்கல் உண்டு. கால்களிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை மெல்லிய சுவர் கொண்டது என்பதால், வாயுவின் அழுத்தம் அதை நசுக்கி, இதயத்துக்கு வந்து சேரும் ரத்தத்தையே குறைத்துவிடுகிறது. பித்தப்பை அறுவைக்காகத் தலைப்பக்கத்தை உயர்த்தும்போது இது இன்னும் கூடும். எனக்கு இந்த ஒப்புமை மிகவும் பிடித்திருக்கிறது, ஏனெனில் இது ஏறக்குறைய முழுவதும் பொருந்துகிறது.

பொருந்தாத ஓரிடம் நரம்பு. வயிற்றின் உட்சவ்வு திடீரென இழுபடும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடித்துடிப்பு சரியலாம். அப்போது வாயுவை வெளியேற்றச் சொல்லி, தேவைப்பட்டால் நாடித்துடிப்பை உயர்த்தும் அட்ரோபின் மருந்தைத் தருவது மயக்க மருத்துவரின் வேலை.

ஆரோக்கியமான இதயம் இவற்றைத் தாங்கிக்கொள்ளும். இசிஜி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, வெளிவிடும் மூச்சின் கரியமில வாயு ஆகியவற்றைக் கவனித்தாலே பெரும்பாலும் போதும். பலவீனமான இதயத்துக்கு மடையைப் பார்க்கும் கருவி தேவை: உணவுக்குழாய் வழியே இறக்கும் டாப்ளர் பெருந்தமனியின் ஓட்டத்தை அளக்கிறது, அதே வழியில் இறக்கும் எக்கோ இதய அறைகள் நிரம்புவதையும் சுருங்குவதையும் நேரில் காட்டுகிறது. இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரையில் அளக்கும் மையச் சிரை அழுத்தத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மார்புக்குள் அழுத்தம் கூடுவதால், வரும் ரத்தம் குறைந்திருந்தாலும் அந்த எண் உயர்ந்து நிற்கும்.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை சிகிச்சை நடக்கவிருந்தால், மருதமலைப் படியேறும்போது பாதியில் உட்கார வேண்டியிருக்கிறது என்பதுகூட விட்டுப்போகாமல் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடுதல் கண்காணிப்பு வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்ய அத்தகைய பதில்களே பெரிதும் உதவுகின்றன.