வெளியில் எழுதிய துண்டுக்கும் கணக்கு வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். மருந்தாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

கிளினிக் நாளில் நீரிழிவுக் குளிசை இருக்கும், பிரஷர் குளிசை முடிந்திருக்கும். "வெளியில வாங்குங்கோ" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்கள். தீவுப் பக்கத்துக் கூலித் தொழிலாளி அதற்காக யாழ்ப்பாண ரவுணுக்கு பஸ் ஏறினால் அன்றைய உழைப்பும் போய்விடும். அதனால் பலர் வாங்குவதே இல்லை. பிறகு பாரிசவாதம் வந்துதான் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

தேவையான மருந்துகளைத் தெரிந்து, மொத்தமாக, மலிவாக வாங்கும் வழியை இந்த நாடு எப்போதோ கண்டுவிட்டது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது; பேராசிரியர் சேனக பிபிலே அதன் முதல் தலைவர். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வந்ததே 1977இல்தான். ஆனால் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு பிழைத்தால் எந்தப் பட்டியலாலும் பயனில்லை.

2022இல் டொலர் இல்லாமல் மருந்து வராமல் போனதை எங்கள் பிரதேச வைத்தியசாலை தடுத்திருக்க முடியாது. சரி. அடுத்த வருடத்துக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று வைத்தியசாலை எழுதி அனுப்பும் வருடாந்த மதிப்பீடு அப்படியல்ல, அது எங்கள் கையில் இருக்கிறது. போன வருடம் கொடுத்த அளவைப் பார்த்தே அடுத்த வருடத்துக்கு எழுதினால் என்ன நடக்கும்? மூன்று மாதம் ஒரு குளிசை இல்லாமல் இருந்திருந்தால், புத்தகத்தில் ஒன்பது மாதக் கணக்குத்தான் இருக்கும். அதையே தேவை என்று அனுப்பினால் அடுத்த வருடமும் தட்டுப்பாடுதான். துண்டோடு திரும்பிப் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

ஆகவே வைத்தியசாலையில் இருப்பவர்களே, ஒவ்வொரு துண்டையும் ஒரு கொப்பியில் பதியுங்கள்: மருந்தின் பெயர், அளவு, திகதி. மாவட்ட மருந்துக் களஞ்சியத்துக்கு மதிப்பீட்டோடு அதையும் அனுப்புங்கள். பக்கத்து வைத்தியசாலையில் காலாவதியாகப் போகிற மருந்தை இங்கே எடுப்பதற்கும் அந்தக் கொப்பி உதவும்.

நெடுந்தீவுக்குத் தனிக் கணக்கு வேண்டும். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து படகு போகாது. மழைக்கு முன்பே கூடுதல் கையிருப்பு அங்கே இருக்க வேண்டும். இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும் என்பதால் குளிரூட்டிக்கு மின்சாரமும் தடைப்படக்கூடாது.

நேயர்களே, வெளியில் வாங்கிய மருந்தையும், வாங்க முடியாமல் விட்டதையும் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.